வேற்காட்டுக்கு வந்த படகு!

சென்னைக்குப் பக்கத்தில் இரண்டு வேற்காடுகள் இருக்கின்றன. வடக்கே, கடலும் உப்பேரியும் தோளோடு தோள் உரசிக் கிடக்கிற பழவேற்காடு. மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் திரும்பினால் வருகிற திருவேற்காடு. முதல் ஊரில் வாசலுக்கு வாசல் வலையும் படகும். இரண்டாவது ஊரில் வாசலுக்கு வாசல் டூ-வீலர். ஒன்றுக்கொன்று சம்பந்தி ஆகக்கூடிய சாத்தியமே இல்லாத ஊர்கள்.

ஆனால், ஆகிவிட்டது! பழவேற்காட்டுப் படகு ஒன்று மினி லாரியில் ஏறி, திருவேற்காட்டில் காடுவெட்டிப் பக்கம் ஒரு சந்துக்குக் குடிவந்திருக்கிறது. 20 அடி நீளம், பைபர் உடம்பு, நீலப் பெயின்ட்டில் பாதி உதிர்ந்துபோன ஏதோ ஒரு பெயர். வேப்பமரத்தடியில் செங்கல் அடுக்கி உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று ஒரு கேள்வி கேட்காமல் நகர்வதில்லை.

"என்னா சார், கப்பல் வாங்கிட்டீங்களா?"

"பெட்ரோல் விக்கிற விலையில இதுவா ஆபீஸுக்கு?"

"சினிமா ஷூட்டிங்கா? ஹீரோ யாரு?"

வாங்கியவர்கள் ஐந்து பேர். ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறார். ஒருவர் வங்கி. மற்ற மூவரும் காலையில் பஸ்ஸில் தொங்கிப் போய் ராத்திரி தொங்கியே திரும்புகிறவர்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 28 ஆயிரம் சேர்த்து வாங்கினார்கள். இன்ஜின் கிடையாது, துடுப்பும் தள்ளுகோலும்தான். அவர்களோடு கடை கடையாக அலைகிற பாக்கியம் எனக்கு. எதற்கு அலைச்சல்? படகுக்குத் தரை போட!

வீட்டுக்குத் தரை போடுவதே சாமானிய சமாசாரமில்லை. கணவன், மனைவி, மேஸ்திரி என்று மூன்று கட்சி. படகுக்கோ, சந்தில் இருக்கிற எல்லாருமே கட்சி.

*

கதைக்குப் போகுமுன் ஊரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

திருவேற்காடு என்றதும் நமக்கெல்லாம் கருமாரியம்மன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். எலுமிச்சை மாலை, வேப்பிலை, மஞ்சள் புடவை, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் காத்திருக்கிற புது வண்டிகள். (படகுக்கும் அப்படி ஒரு பூஜை போட வேண்டும் என்று ஒரு பாட்டி சொல்லியிருக்கிறார். டயர் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்பதில் குழப்பம்.)

கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் நடந்தால் வேதபுரீஸ்வரர் கோயில். சம்பந்தர் பாடிய தலம். வேதங்களே வேல மரங்களாக வந்து நின்று சிவனைக் கும்பிட்டன, அதனால்தான் வேற்காடு என்பது தலபுராணம். வெள்வேல மரம்தான் தலவிருட்சம். அறுபத்து மூவரில் ஒருவரான மூர்க்க நாயனாருக்கும் இதுதான் சொந்த ஊர். சுவாரஸ்யமான மனிதர். தினமும் அடியார்களுக்குச் சோறு போட்டுத்தான் தான் சாப்பிடுவார். சொத்தெல்லாம் கரைந்ததும் என்ன செய்தார்? சூதாடினார்! ஜெயித்த பணத்தைக் கையால்கூடத் தொடாமல் அன்னதானத்துக்குக் கொடுத்தார். தோற்றவன் பணம் தர மறுத்தால் கத்தியை உருவினார். பட்ஜெட் பற்றாக்குறையைச் சமாளித்த விதத்தில் இவருக்கு நிகர் கிடையாது. நம் படகுக் கோஷ்டிக்கு அந்தத் துணிச்சல் இல்லை. சீட்டுக் கம்பெனியில் கட்டிய பணம்தான் கைக்கு வந்தது.

அப்புறம், கூவம். நேப்பியர் பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற அதே கூவம்தான். கேசவரம் அணையில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிந்து, பருத்திப்பட்டு வழியாக இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் மதுரவாயலுக்கும் கோயம்பேட்டுக்கும் போகிறது. இங்கேயும் கழிவுநீர் கலக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் நகரத்துக் கூவத்தைப் போல மொத்தமாகச் செத்துப்போகவில்லை. மணல் திட்டு, கோரைப்புல், இரண்டு கொக்கு என்று சாதுவாகக் கிடக்கும். பட்டணத்துக் கூவத்தில் 1970-களில் படகு விட்டுப் பார்த்தார்களே, அந்தப் படித்துறைகள் இன்னும் சில இடங்களில் நிற்கின்றன.

சாதுவாகக் கிடக்கும் என்று சொன்னேன் அல்லவா? மழைக்காலம் வரைக்கும்தான். 2015 டிசம்பரில் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத்துத் தெருக்களுக்கு வந்தது ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று மேற்குப் பக்கம் முழுக்கத் தண்ணீர். தேசியப் பேரிடர் மீட்புப் படை நமக்கு வெகு தூரத்தில் இல்லை, அரக்கோணத்தில்தான் இருக்கிறது. கூப்பிட்டால் வருவார்கள். ஆனால், அன்றைக்கு ஒரே சமயத்தில் எத்தனை ஊர் கூப்பிடும்!

இந்தச் சந்தில் கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். எழுந்து நடமாட ஆள் துணை வேண்டும். போன வெள்ளத்தில் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்திருக்கிறார்கள். நடுவே ஒருவர் கால் திறந்த சாக்கடைக்குள் போய்விட்டது. நாற்காலி சாய்ந்தது. பிடித்துவிட்டார்கள். அந்த நாலு பேரில் மூன்று பேர் இந்தப் படகின் பங்குதாரர்கள். படகு வந்த காரணம் அதுதான்.

*

சரி, தரைக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம், நிவாரணமாகக் கடலோரம் முழுக்க ஆயிரக்கணக்கில் பைபர் படகுகள் வந்து இறங்கின. கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்த பலர் பைபருக்கு மாறினார்கள். கட்டுமரத்துக்குத் தரை என்ற பிரச்னையே கிடையாது. கட்டையைச் சேர்த்துக் கட்டியதுதான் படகு, அதுவேதான் தரை. வருகிற தண்ணீர் இடுக்கு வழியாக வந்து, வந்த வழியே போய்விடும். பைபர் படகு அப்படியில்லை. அது ஒரு தொட்டி. உள்ளே வந்த தண்ணீரை நாமாக இறைத்தால்தான் உண்டு. அடியும் சமமாக இருக்காது, வளைந்து சரிவாக இருக்கும். அதில் நின்றால் வழுக்கும். ஒரே இடத்தில் பாரம் இறங்கினால் நாளடைவில் விரிசலும் விடும். அதனால்தான் அடியில் குறுக்குச் சட்டம் வைத்து, அதன்மேல் தட்டையாக ஒரு தளம். தண்ணீர் தளத்துக்குக் கீழே நிற்கும். நம் கால் மேலே நிற்கும்.

நம் படகில் பைபர் உடம்பு கெட்டியாகத்தான் இருந்தது. தளம்தான் போய்விட்டது. மலிவுப் பலகை போட்டு, ஓரத்தை மூடாமல், வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார்கள். கழற்றவே முடியாது. கீழே தேங்கிய தண்ணீர் வருஷக்கணக்காக ஊறி, பலகை டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது. காலை வைத்தால் காலைத் தொடர்ந்து ஆளும் உள்ளே போக வேண்டியதுதான்.

பட்ஜெட் 12 ஆயிரம். தளத்தின் அளவு 14 அடிக்கு 4 அடி. மொத்தம் 56 சதுர அடி. "இத்தனூண்டுக்கா இவ்ளோ யோசனை?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர். சமீபத்தில் வீடு கட்டியவர். வீடு கட்டியவர்களுக்கு அதற்கப்புறம் தெரியாத விஷயமே கிடையாது.

"டைல்ஸ் போட்டுடுங்க சார். எங்க வீட்ல மீந்தது மாடில கெடக்கு. காசே வேணாம்!"

காசே வேண்டாம் என்றதும் ஐந்து பேரில் இரண்டு பேர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நல்லவேளை, அம்பத்தூர் கணக்கர் பேப்பரை எடுத்தார். டைல்ஸ் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 20 கிலோ. நம் தளம் ஐந்து சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆக, டைல்ஸே நூறு கிலோ. ஒட்ட இரண்டு சென்டிமீட்டர் சிமென்ட் கலவை என்று வைத்தால் அது இன்னும் இருநூறுக்கு மேல். மொத்தம் முந்நூறு கிலோ சொச்சம். "அதாவது, அஞ்சு பேர் எப்பவுமே படகுல உட்கார்ந்திருக்காங்கன்னு அர்த்தம். மீதி இருக்கற இடத்துலதான் ஆளை ஏத்தணும்" என்றார். அதைவிட முக்கியம், படகு ஓடும்போது உடம்பு லேசாக வளைந்து கொடுக்கும். துறைமுகம் வருவதற்கு முந்தைய மெட்ராஸில் கப்பலிலிருந்து கரைக்கு ஆட்களை ஏற்றிவந்த மசூலா படகில் ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிறால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் வளையட்டும், உடையவேண்டாம் என்பதற்காக. வளைகிற படகில் வளையாத டைல்ஸ் ஒட்டினால் முதல் நாளே பொடிப்பொடி!

எதிர்வீட்டுக்காரர் சளைக்கவில்லை. "அப்ப கார்ப்பெட்?" என்றார். நனைந்த கார்ப்பெட் எவ்வளவு நாள் காயாது, என்ன வாசனை வரும் என்பதை 2015-ல் அனுபவித்த அவர் மனைவியே அதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்தார்.

*

முதல் யாத்திரை அம்பத்தூர் எஸ்டேட். நம் கணக்கருக்குத் தெரிந்த பட்டறையில் அலுமினியச் செக்கர் தகடு காட்டினார்கள். பஸ் படிக்கட்டில் புடைப்புப் புடைப்பாகப் பார்த்திருப்பீர்களே, அது. அழுகாது, கரையான் வராது, வழுக்காது. மூன்று மில்லிமீட்டர் தகடும் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டும் ஏறக்குறைய ஒரே எடை என்பது எனக்குப் புதுச் செய்தி. இரண்டுமே சதுர மீட்டருக்கு எட்டு கிலோவை ஒட்டித்தான். விலைதான் ஒட்டவில்லை. தகடு மட்டுமே பட்ஜெட்டைத் தாண்டிக் குதித்தது. போதாக்குறைக்கு, இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்தால் அதன்மேல் தோசை ஊற்றலாம்.

அடுத்து தேக்கு. தேக்கு என்றால் தேக்குதான், சந்தேகமே இல்லை. உலகம் முழுக்கக் கப்பல் தட்டுக்கு அதைத்தான் தேடினார்கள். அதன் எண்ணெய்ப் பசை தண்ணீரை உள்ளே விடாது. விலை கேட்டோம். வங்கிக்காரர் "லோன் போடலாம்" என்றார், சிரிக்காமல். இடித்த வீட்டுச் சாமான் கடையில் பழைய தேக்குச் சட்டம் மலிவாகக் கிடைக்கும் என்று பூந்தமல்லிப் பக்கம் போய்ப் பார்த்தோம். கிடைத்தது. எல்லாம் ஜன்னல் சட்டம். இரண்டடி, மூன்றடித் துண்டுகள். உள்ளே ஆணி. இழைப்புளி வைத்திருக்கிற எந்த ஆசாரியும் அதைத் தொட மாட்டார்.

ஒரு கடையில் பி.வி.சி. போர்டு சிபாரிசு செய்தார்கள். சமையலறை அலமாரிக்குப் போடுகிறார்களே, வெள்ளையாக, அதுதான். "தண்ணியிலேயே போட்டு வைங்க சார், ஒண்ணும் ஆகாது." உண்மைதான், அழுகாது. ஆனால், அலமாரிக்குள் யாரும் ஏறி நிற்பதில்லையே! அடிக்கடி சட்டம் கொடுக்காவிட்டால் ஆள் பாரத்துக்குத் தொங்கும். ஸ்க்ரூவையும் மரம் மாதிரி இறுகப் பிடிக்காது. உச்சி வெயிலில் இளகவும் செய்யும்.

கடைசியாகச் சைடன்ஹாம்ஸ் ரோடு. பெரியமேட்டில் பிளைவுட் கடைகள் வரிசை கட்டி நிற்கிற தெரு. அங்கே எல்லாக் கடையிலும் எல்லாப் பலகையும் 'வாட்டர் ப்ரூஃப்'தான். இங்கே கொஞ்சம் உஷாராக இருங்கள். எப்போதாவது தண்ணீர் பட்டால் தாங்குவது வேறு. தண்ணீருக்கு நடுவிலேயே குடித்தனம் நடத்துவது வேறு. பலகையின் முத்திரையில் ஐ.எஸ். 303 என்று இருந்தால் அது வீட்டு உபயோகத்துக்கு. ஐ.எஸ். 710 என்று இருந்தால்தான் மரைன் பிளைவுட். அதற்கு வைக்கிற பரீட்சை பயங்கரமானது: துண்டு வெட்டி 72 மணி நேரம் வெந்நீரில் கொதிக்க வைப்பார்கள். அப்போதும் அடுக்கு பிரியக்கூடாது. மருந்தும் ஏற்றியிருப்பார்கள். முத்திரை இருந்தால் மட்டும் போதாது. ஓரத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே எறும்பு போகிற மாதிரி சந்து தெரிந்தால் அந்த ஷீட்டை ஒதுக்கிவிடலாம். கடைக்காரர் நம்மை முறைப்பார். முறைக்கட்டும்.

எட்டுக்கு நான்கு ஷீட் இரண்டு, 12 மில்லிமீட்டர். பேரம் பேசி 6,200 ரூபாய்க்கு முடிந்தது. ஒரு ஷீட்டை நாலடி, நாலடியாகவும், இன்னொன்றை மூன்றடி, மூன்றடியாகவும் வெட்டினால் 14 அடி வந்துவிடுகிறது. மிச்சம் இரண்டடித் துண்டு. அது பாட்டிக்கு ஏறும் பலகை என்று அங்கேயே முடிவாயிற்று.

*

ஷீட் வாங்கியாகிவிட்டதே என்று உடனே அடித்துவிடவில்லை. பழவேற்காட்டுக்கு ஒரு நடை போனோம். படகை விற்ற பெரியவரையே கேட்டுவிடலாம் என்று. டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர். கோட்டையில் இன்று மிச்சம் மேடும் புதரும்தான். எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைகள் மட்டும் சௌக்கியமாக இருக்கின்றன. ஏரி ஓரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நம் ஆட்களைப் பார்த்து, "இன்னா தம்பி, போட்டைத் திருப்பிக் குடுக்க வந்தீங்களா?" என்றார் கொஞ்சம் கலவரமாக. விஷயம் இதுதான் என்றதும் வலையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பலகைய ஆணி வெச்சி அறையாத. தூக்கி எடுக்கற மாதிரி வெய்யி. அடியில தண்ணி நிக்குதான்னு டெய்லி பார்க்கணும். காலி போட்டு கவுந்தா பலகை மெதந்து போயிடும், அதுக்கு ஒரு கட்டை வெச்சித் திருகிக்க. சட்டத்துக்கு அடியில ஓட்டை விடு, இல்லாங்காட்டி தண்ணி ஒரு ரூம்லேர்ந்து இன்னொரு ரூமுக்குப் போவாது."

ரூம் என்று அவர் சொன்னது இரண்டு சட்டங்களுக்கு நடுவே உள்ள இடத்தை. சட்டத்தின் அடியில் எலிவளை மாதிரி சின்னதாக ஒரு வளைவு வெட்டிவிட்டால், எந்த மூலையில் விழுந்த தண்ணீரும் பின்பக்கத்துக்கு ஓடி வந்துவிடும். அங்கே வைத்து இறைத்துவிடலாம். நம் பழைய தளத்தில் இந்த வளை ஒன்றுகூட இல்லை.

"எத்தினி பேரை ஏத்தப்போறீங்க?" என்று கேட்டார். பத்துப் பன்னிரண்டு என்றார் எங்களில் ஒருவர். பெரியவர் பதில் சொல்லாமல் ஏரியைக் கையால் காட்டினார். 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து இந்தத் தண்ணீரில் உல்லாசமாகப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அப்புறம் அவர் பலகையைப் பற்றிப் பேசவில்லை. காலி கேனைப் பற்றிப் பேசினார். பைபர் படகுக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால், மரம் மாதிரி மிதக்காது; முழுகும். இருபது லிட்டர் கேனை இறுக மூடிக் கட்டிவைத்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபது கிலோவைத் தூக்கிப் பிடிக்கும். அதைத் தளத்துக்கு அடியில் திணிக்காமல் இரண்டு பக்கமும், உட்காரும் பலகைக்குக் கீழே உயரமாகக் கட்ட வேண்டும். அடியில் இருந்தால், நிறைந்த படகை அதுவே புரட்டிவிடும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் யாரும் ஜோக் அடிக்கவில்லை.

*

குறுக்குச் சட்டத்துக்கு எந்த மரம்? ஆசாரி ஒரே வார்த்தையில் சொன்னார்: "கருவேலம்." வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் படகு விலாவுக்கும் காலங்காலமாகப் போகிற கட்டை. சீமைக்கருவேலம் இல்லை, நாட்டுக் கருவேலம். இரண்டு வேற்காட்டுக்கும் பொதுவாக இருக்கவேண்டியது வேல மரம்தானே! பழவேற்காட்டில் இல்லை. திருவேற்காட்டில் ஃபிளாட் இருக்கிறது, வேல மரம் இல்லை. (கோயில் தலவிருட்சத்தை யாரும் பார்த்த பார்வையில் ஆசாரிக்குக் கோபமே வந்துவிட்டது.) கடைசியில் ஒரு விறகுத் தொட்டியில் நன்றாகக் காய்ந்த கட்டை அகப்பட்டது. 600 ரூபாய். அடுப்புக்குப் போக இருந்தது.

சட்டத்தைப் படகின் உடம்பில் துளைபோட்டு முடுக்கவில்லை. அடியில் ஓட்டை போட்டுவிட்டு அப்புறம் ஒழுகுகிறது என்று அழுவானேன்! கண்ணாடி நார்த் துணியும் ரெசினும் வைத்து ஒட்டினார்கள். பலகைகளுக்கு எபாக்ஸி மூன்று கை. வெட்டிய ஓரத்துக்கு மட்டும் இன்னும் இரண்டு கை. பிளைவுட்டுக்கு எமன் ஓரத்திலிருந்துதான் வருவான். விரல் விட்டுத் தூக்க ஒவ்வொரு பலகையிலும் ஒரு துளை. துளையின் உள்பக்கத்துக்கும் எபாக்ஸி. சுற்றிலும் கால் அங்குல இடைவெளி. மேலே வெளிர் சாம்பல் பெயின்ட் அடித்து, ஈரம் காயுமுன் சலித்த ஆற்று மணலைத் தூவி, காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு கை. ரப்பர் பாய் செலவு மிச்சம். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று வந்துவிட்டது. பாட்டியை வெறுங்காலோடு நடக்கவிட்டுப் பார்த்தார்கள். "குத்துதுடா" என்றார். ஆனால், வழுக்கவில்லை.

கணக்கு: பலகை 6,200; ரெசின், எபாக்ஸி 2,400; துருப்பிடிக்காத ஸ்க்ரூ 700; பெயின்ட் 1,100; கருவேலம் 600; ஆசாரிக்கு ஒரு நாள் கூலி 1,200. கூட்டினால் 12,200. அந்த இருநூறை யார் கையிலிருந்து போட்டது என்பதில் இன்னும் வாக்குவாதம். கேன்கள் மளிகைக்கடைக்காரர் உபயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரிக்காரரிடம் கெஞ்சி, படகுக்குள் ஒரு குழாய் தண்ணீர் விட்டார்கள். சந்துப் பிள்ளைகள் எல்லாம் ஏறிக் குதித்தார்கள். தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கி, எலிவளை வழியாக ஓடி, பின்பக்கம் வந்து சேர்ந்தது. பலகையைத் தூக்கினார்கள், இறைத்தார்கள், காயவைத்தார்கள். ஒரு பலகை பன்னிரண்டு கிலோதான், ஒருவரே தூக்கலாம். வெயில் காலத்தில் பலகைகள் நாலும் வங்கிக்காரர் வீட்டுப் பரண்மேல். படகு கவிழ்ந்த நிலையில் செங்கல்மேல். மழை ஆரம்பித்ததும் நிமிர்த்திப் பலகையைப் பொருத்த வேண்டியது. பரண் சாவி ஒன்று தெருமுனை இஸ்திரிக்கடையில் இருக்கிறது. ஐந்து பேருமே ஆபீஸில் மாட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில்தானே வெள்ளம் வரும்!

பெயின்ட் மிச்சம் இருந்தது. படகின் உள்பக்கத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதி வைத்துவிடலாம் என்றார்கள். "பத்துன்னு போடுங்க. பசங்க ரெண்டு பேரை மடியில வெச்சிக்கிட்டா பன்னெண்டே தாராளமா போகலாம்" என்றார் டைல்ஸ்காரர். கணக்கர் அவரிடமிருந்து பிரஷ்ஷை வாங்கி, 'எட்டுப் பேர்' என்று எழுதினார். கீழே கோடும் போட்டார், இரண்டு தடவை.